பின்னால் கூப்பிடாத காலை

பிரவீனா குவைத்துக்குக் கிளம்பியது தை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை. மூக்கண்டப்பள்ளியில் அன்று எதிர்வீடு தெரியாத பனி. வாசலில் வாடகைக் கார் உறுமிக்கொண்டு நின்றது.

அப்பா ராஜசேகர் பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைக்கப் போனார். வலது கை பாதியில் விட்டுவிட்டது. பெட்டி தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. ஏதோ சொல்ல வந்தார், நாக்கு புரளவில்லை. சமாளித்துச் சிரித்தார். உதடு ஒரு பக்கம் மட்டும்தான் ஏறியது.

அம்மா மாதேஸ்வரி பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். மகள் நர்ஸ். முகத்தைச் சரியாகப் பார்த்தால் போதும், பயணமே வேண்டாமென்று பெட்டியை உள்ளே தூக்கிக்கொண்டு போய்விடுவாள். இரண்டு வருடம் அலைந்து கிடைத்த வேலை. அவர் மப்ளரை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு பனியைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"வரேம்மா. அப்பாவ பாத்துக்கோ."

"போயிட்டு வா கண்ணு."

பயணம் கிளம்புகிறவளைப் பின்னால் கூப்பிடக் கூடாது. கல்லாவியில் பிறந்து வளர்ந்த மாதேஸ்வரிக்கு அது யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம். தொண்டை வரை வந்த குரலை விழுங்கினாள். கார் திரும்பி மறைந்த பிறகுதான் அவர் தோளைத் தொட்டாள். அவர் அவள் மேலேயே சரிந்தார்.

ராஜசேகர் கம்பெனி பஸ் டிரைவர். பாரூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து ஷிப்டுக்கு ஆள் ஏற்றி வருவார். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் வாய் ஓயாது. ஒருவரை ஒரு பாஷையில் கிண்டல் செய்து, அடுத்தவரை இன்னொன்றில் சமாதானம் செய்வார். போன வருடம் கம்பெனி மருத்துவ முகாமில் ரத்த அழுத்தம் மிக அதிகம் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதம் போட்டார். மறுபடி பார்த்தபோது, "நார்மலா இருக்கு" என்றார் டாக்டர். மாத்திரை போடுவதால்தான் நார்மல் என்பது இவர் காதில் ஏறவில்லை.

"நல்லா ஆயிப்போச்சாம் மாதேசு. இன்னும் எதுக்கு மாத்திர?" என்று சிரித்தார். ராகிக்களிக்குக் கருவாடும் ஊறுகாயும், ராத்திரி ஷிப்டும், உதட்டுக்கடியில் புகையிலையும் அதன்பாட்டுக்கு நடந்தன.

அன்று அவர் சரிந்த சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்து வீட்டு சௌந்தரராஜனும் பஸ் டிரைவர்தான். முகத்தைப் பார்த்ததுமே சொன்னார்: "பயப்படாத தங்கச்சி. பனிக்காத்து அடிச்சிருக்குது. டிரைவர் சீட்டு ஜன்னல் இந்தப் பக்கந்தான? வலது கன்னத்துலயே அறையும். எங்க பஸ்ல ரெண்டு பேருக்கு இப்பிடித்தான், எண்ண தேச்சி தூங்குனாங்கோ, சரியாப் போச்சு."

வலது கன்னம்தான் கோணியிருந்தது. கணக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதால் தொங்கிய கையை யாரும் நினைக்கவில்லை. விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துக் கம்பளியைப் போர்த்திப் படுக்கவைத்தாள்.

விமான நிலையத்திலிருந்து மகள் கூப்பிட்டாள். "அப்பா கிட்ட குடும்மா."

"தூங்குறாரு பாப்பா."

"இந்நேரத்துலயா?"

"அலுப்பு."

மறுமுனையில் ஏதோ விமானத்துக்கு அழைப்பு ஒலித்தது. "சரிம்மா" என்று வைத்துவிட்டாள்.

மதியத்துக்கு மேல் அவரை எழுப்பிப் பார்த்தாள். வலது காலும் மரக்கட்டையாகியிருந்தது. அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி.

"மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு. கட்டியக் கரைக்க ஊசி இருக்கும்மா. ஆரம்பிச்ச நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். எப்ப ஆரம்பிச்சுது?" என்று டாக்டர் கேட்டார்.

"காலைல. பொண்ணு கிளம்பறப்ப."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்க்கவில்லை.

குவைத்தில் இறங்கிய மகளுக்குச் செய்தி போனபோது அவளும் அதையேதான் முதலில் கேட்டாள். "சாயந்திரம்" என்று சொல்லிவிட்டாள் மாதேஸ்வரி. காலை என்று சொன்னால் அந்தப் பிள்ளை அங்கே எப்படி இருப்பாள்? சாயந்திரம் சாயந்திரமாகவே நின்றது.

ராஜசேகர் பிழைத்தார். மூன்று பாஷையில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. 'ஹோகோணா.' கன்னடத்தில் 'போகலாம்' என்று அர்த்தம். பஸ்ஸை எடுக்கும்போது சொல்வது. சோறு வேண்டுமென்றாலும் ஹோகோணா, வலித்தாலும் ஹோகோணா. வீடியோவில் மகள் முகத்தைப் பார்த்தால் கண்ணில் நீர் வடிய, ஹோகோணா. பெண்டாட்டி பேரைச் சொல்லவைக்க மாதேஸ்வரி தினமும் எதிரே உட்கார்ந்து, "மா... தே..." என்று வாயைக் குவித்துக் காட்டுவாள். அவர் அவள் வாயையே பார்ப்பார். முயல்வார். ஹோகோணா.

அவள் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவப் போனாள். இப்போது அவளுக்கும் காலையில் ஒரு அழுத்த மாத்திரை உண்டு. யாராவது தலை சுற்றுகிறது என்றால் விடமாட்டாள். "சிரி. ரெண்டு கையயும் தூக்கு. உம் பேரச் சொல்லு."

"அக்கா வந்துருச்சு, பல்லக் காட்டுங்கடி!" என்று கேலி செய்வாள் கூட வேலை செய்யும் ராஜலட்சுமி. எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு சிரிப்பார்கள். மாதேஸ்வரி ஒவ்வொரு உதடாகப் பார்த்துக்கொண்டு வருவாள். அவளுக்குச் சிரிப்பு வராது.

மறு வருடமும் போய், அதற்கடுத்த ஆடியில், கேன்டீன் வாசலில் கை துடைத்துக்கொண்டிருந்தபோது போனில் மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"அம்மா, இன்னிக்கு எங்க வார்டுக்கு ஒரு டிரைவர் வந்தாரு. அவரு பொண்ணு நேரத்துக்குக் கொண்டாந்துட்டா. ஊசி போட்டோம். கையத் தூக்கிட்டாரு. நான் பாத்ரூம்ல போய் அழுதேன். சாயந்திரம் இல்லம்மா, காலைலயே. காருக்குள்ள இருந்து கண்ணாடில பாத்தேன், அப்பா மப்ளர் கீழ எறங்கியிருந்துது, வாய் ஒரு பக்கமா கோணியிருந்துது. பனிதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நிறுத்துங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துது. நீ ஒரு தடவ கூப்பிட்டிருந்தா எறங்கியிருப்பேம்மா."