காப்பிப் பூவுக்குப் போகும் வழி

ஐயா, அம்மா, வணக்கம். இதைப் படிக்கும் தாங்கள் யாரென்று நான் அறியேன். ஒருகால் திருமலைக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டில் கைகால் கழுவி, ஒரு வேளை உணவு உண்டு சென்றவராகவும் இருக்கலாம். பெங்களூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், பங்காருபாளையத்தைத் தாண்டிச் சிறிது தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. அது அங்கே இருப்பதனாலேயே, குடகு மலைக்குச் சென்று காப்பிப் பூவைப் பார்த்து வருவதென்னும் சின்னஞ்சிறு பயணம் எங்களுக்கு நெடுங்காலமாகக் கைகூடவில்லை. அதைப் பற்றியே எழுதுகிறேன். எங்கள் ஊர் ஆந்திரத்தில் இருப்பதால் பள்ளியில் நான் கற்றது தெலுங்கு. தமிழ் நானாகப் படித்துக்கொண்டது. பிழையிருந்தால் பொறுத்தருள்க.

அந்த ஆசை முதலில் என் மனைவியுடையது. பாலசமுத்திரத்துப் பக்கம் நிலமில்லாத குடும்பத்தில் பிறந்தவள் அவள். கார்த்திகை வந்தால் அவளுடைய தகப்பனார் வீட்டோடு குடகுக்குப் புறப்பட்டுவிடுவார். அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில், இடுப்பில் சாக்குப்பையைக் கட்டிக்கொண்டு, பனியில் நனைந்த செடிகளுக்குள் நுழைந்து, சிவந்த பழங்களைப் பறிப்பது வேலை. பழம் தீர்ந்ததும் மேஸ்திரி எல்லாரையும் லாரியில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார். காப்பிச் செடி பூப்பதோ அதற்குப் பிறகு, கோடையின் முதல் மழை விழுந்தபின். ஆகவே பல ஆண்டுகள் அந்தச் செடிகளோடு பழகியும் அவள் பூவைப் பார்த்ததே இல்லை.

“எங்க நைனாவ எத்தினியோ தபா கேட்டேன், பூவ பாத்துட்டுப் போலாம் நைனான்னு. ‘ஏன், பூவ துன்னப்போறியா’ன்னு கேட்டாரு” என்று சொல்லிச் சிரிப்பாள்.

எங்களுக்கு மணமாகி, அரசு கொடுத்த கரம்பு நிலத்தில் மாங்கன்றுகளை வைத்து, அவை காய்க்கத் தொடங்கிய பிறகுதான் பயணத்தைப் பற்றிப் பேசத் துணிந்தோம். அதற்குள் பெங்களூரில் கம்பெனிகள் பெருகிவிட்டன. எங்கள் மகனும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து அங்கேயே அறையெடுத்துத் தங்கினான். அவன் அறையில் ஓர் இரவு, மறுநாள் மைசூர் வழியாக மடிக்கேரி, அங்கிருந்து தோட்டத்து ஜீப் என்று வழி வகுத்தோம். மஞ்சள் பை ஒன்றும் புளிச்சோற்றுக்கு ஒரு தூக்கும் தனியே எடுத்து வைத்தாள்.

ஆனால் நாள் குறிக்க இயலவில்லை. மழை விழுந்து ஒரு வாரமோ பத்து நாளோ கழித்துப் பூ மலரும். சில நாட்களில் வாடிவிடும். அந்தத் தோட்டத்திலேயே வாழ்க்கைப்பட்டிருந்த அவளுடைய சிறுவயதுத் தோழி, மழை விழுந்ததும் எங்கள் ஊர் எஸ்.டி.டி. பூத்துக்கு ஃபோன் செய்வதாக ஏற்பாடு. அதே நாட்களில் எங்கள் மரங்களில் பிஞ்சு நிற்கும். இங்கே காற்றும் மழையும் வந்தால் பிஞ்செல்லாம் கீழே. ஆதலால் பங்குனி மாலைகளில் என் மனைவி மேற்கே பார்த்து எங்கள் ஊர்த் தெய்வம் கங்கம்மாவைக் கும்பிட்டு, அங்கே பெய்யட்டும், இங்கே வேண்டாம் என்று வேண்டிக்கொள்வாள்.

“கங்கம்மாவே குழம்பிப் பூடும், இத்தினி கண்டிசன் போட்டா” என்பேன்.

“அவளுக்குத் தெரியும் எங்க பெய்யணும்னு. நீ வாய மூடிக்கினு இரு.”

சேதி வராமல் போனதில்லை. பூத்துக்காரர் சாலையிலிருந்தே, “அன்னா, குடகு நுஞ்சி ஃபோன்! வர்ஷம் படிந்தண்ட!” என்று மழை விழுந்த செய்தியைத் தெலுங்கில் கூவுவார். என் மனைவி மஞ்சள் பையை எடுத்து உதறுவாள். அந்த வாரத்திலேயே பெங்களூரிலிருந்து யாரேனும் வந்து இறங்குவார்கள். எங்கள் சனம் பாதிக்குமேல் அங்கே வேலைக்குப் போய்விட்டது. வேலை கிடைத்தவர், மணமானவர், பிள்ளை பெற்றவர் எல்லாருக்கும் திருமலையில் ஒரு வேண்டுதல் இருக்கும். மலைக்குப் போகிறவர் வழியிலுள்ள உறவினர் வீட்டில் கை நனைக்காமல் போகக்கூடாது. அவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவதும் ஆகாது. இது எங்களுக்குள் வழக்கம். முன்னதாகச் சொல்லிவிட்டு வருவதும் வழக்கமில்லை. ஏழுமலையானுக்குப் போகும் சனத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்து முடிப்பதற்குள், குடகில் பூ உதிர்ந்துவிடும்.

ஓர் ஆண்டு மழைச்சேதி வந்தது, வீடும் காலியாக இருந்தது. இனி யாரும் வரமாட்டார்கள் என்று துணிந்தோம். புறப்படுவதற்கு முதல்நாள் என் தங்கை குழந்தையோடு வந்து நின்றாள்.

“அண்ணா, மலைல மொட்ட. நாள் வெச்சாச்சு. தாய்மாமன் மடி இல்லாம கத்தி வெக்கக்கூடாதுன்னு எங்க மாமியார் சொல்லிட்டாங்க.”

மறுக்க இயலாத அழைப்பு அது. அடுப்படிக்குச் சென்றேன். என் மனைவி ஏற்கெனவே கூடுதலாக அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“நீ போய்ட்டு வா” என்றேன்.

“தனியாவா?”

“பெங்களூர் வரிக்கும் பஸ்ல குந்திக்கினு போ. பையன் வந்து நிப்பான்.”

“நீ இல்லாம எனக்கு இன்னாத்துக்குயா பூவு?”

“ரெண்டு பேரும் உட்டுட்டா யாருக்கு லாபம்?”

மறுநாள் காலை அவள் மேற்கே போகும் பேருந்திலும், நாங்கள் கிழக்கே போகும் பேருந்திலும் ஏறினோம். திருமலையில் குழந்தை என் மடியில் அலற, ஈரமயிர் என் வேட்டியில் விழுந்துகொண்டிருந்தது. இந்நேரம் அவள் மைசூரைத் தாண்டியிருப்பாளா என்பதே என் நினைவாக இருந்தது.

திரும்பி வந்தவள் முகத்தில் நான் அதுவரை கண்டிராத ஒரு தெளிவு. புளிச்சோற்றுத் தூக்கில், ஈரத்துணியில் சுற்றி இரண்டு கொப்புகள் கொண்டுவந்திருந்தாள். பிரித்தால் பூவெல்லாம் பழுப்பாகியிருந்தது.

“மோந்து பாரு.”

முகர்ந்தேன். புளி வாசனைதான் வந்தது. சொன்னேன். அவளுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன.

“நேத்து இருந்துச்சுயா! காத்தே மல்லிப்பூவாட்டம் கீது. மலை பூரா சோத்த வடிச்சிக் கொட்டி வெச்சாப்ல வெள்ள.” பிறகு குரல் தாழ்ந்தது. “பாத்துக்கினே இருக்கசொல்ல, ‘இந்தாயா, பாரு’ன்னு திரும்பினேன். பையன் நின்னுக்கினு இருந்தான்.”

அதுவரை அவளுடைய ஆசையாக இருந்தது அன்று எனக்கும் வந்து சேர்ந்தது. நான் விரும்பியது பூவை அல்ல. அவள் அப்படித் திரும்பிப் பார்க்கும்போது அந்த இடத்தில் நான் நிற்க வேண்டும் என்று விரும்பினேன். ஒவ்வோர் ஆண்டும் நினைப்போம். ஒவ்வோர் ஆண்டும் யாரேனும் வந்துவிடுவார்கள்.

பிறகு எஸ்.டி.டி. பூத்தை எடுத்துவிட்டார்கள். சாலையை அகலமாக்கி, எங்கள் ஊருக்கு மேலே பாலம் போட்டார்கள். உறவினர்களிடம் கார் வந்துவிட்டது. பாலத்தின்மேல் போகும் காருக்கு எங்கள் வீடு தெரிவதில்லை. இலைபோட்டுக் காத்திருந்த நாட்களும் உண்டு. மலையிலிருந்து லட்டு மட்டும் எப்போதேனும் யார் கையிலாவது வந்து சேரும். வருபவர் குறைந்த பின்னும் நாங்கள் கதவைப் பூட்டவில்லை. வந்தால் என்ன செய்வது என்ற ஓர் அச்சம், வரவேண்டும் என்ற ஓர் ஏக்கம்.

சென்ற வாரம் தோழியின் பேரன் செல்ஃபோனில் மழையைப் படமாகவே எடுத்து அனுப்பினான். என் மனைவி அதை நெடுநேரம் பார்த்தாள். முழங்கால் வலியால் கால் நீட்டி அமர்ந்திருந்தாள்.

“இந்த வருசம் ஏறிடுவேன். அடுத்த வருசத்துக்கு நான் வாக்கு குடுக்கமாட்டேன்” என்றாள்.

“யாராச்சும் வந்தா?”

“யாரும் வராத வூட்டுக்கு எத்தினி நாளு காவல் குந்தப்போற? வந்தா துன்னட்டும். அரிசி கீது, அடுப்பு கீது. சாவிய எதிர்க்கடைல குடு.”

இத்தனை ஆண்டுகளில் இந்த எளிய வழி எனக்குத் தோன்றவே இல்லை.

நாளை காலை மேற்கே போகும் பேருந்தில் இருவரும் ஏறுகிறோம். பூ மலர்ந்திருக்குமா, அதற்குள் உதிர்ந்திருக்குமா, அறியேன். மலைக்குப் போகும் வழியில் தாங்கள் வந்து பூட்டைக் கண்டால் மனம் வருந்த வேண்டாம். சாவியையும் இந்தக் காகிதங்களையும் எதிர்க்கடையில் கொடுத்துவிட்டுப் போகிறோம். மாங்காய் ஊறுகாய் பரண்மேல் சிறிய ஜாடியில். சமைத்து உண்டு, கதவைச் சாத்திவிட்டுச் செல்லுங்கள். நாங்கள் ஏன் வீட்டில் இல்லை என்பது இதில் எழுதப்பட்டிருக்கிறது. எனவே இந்தக் காகிதங்களை எறிந்துவிடாமல், அடுத்து வருபவருக்காக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.