எட்டுக் கைகளில் ஒரு கை

அம்மனை நம்பி இதைப் படிக்கும் எல்லோருக்கும் வணக்கம். எழுத உட்கார்ந்ததும் கை பரபரக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் எழுதி எழுதி அடித்துவிட்டேன். கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற சுபாவம் எனக்கு. அதனால் கஷ்டத்திலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. எடப்புளி நாட்டில் எங்கள் வீடு. பின்னால் மிளகுக் கொடி ஏறிய மரங்கள். அதைத் தாண்டினால் பள்ளம். போன வருடம் சித்திரையில் எனக்கு மகன் பிறந்தான். ஒரு நாள் அவனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனபோது, ‘இவனை நானே கீழே போட்டுவிட்டால்?’ என்று ஒரு நினைப்பு வந்தது. உள்ளே ஓடி வந்து அவனைத் தொட்டிலில் போட்டேன்.

அதன் பிறகு அந்த நினைப்பு என்னை விடவில்லை. குளிக்க வைக்கத் தண்ணீர் ஊற்றினால் வரும். அரிவாள்மனையைப் பார்த்தால் வரும். அரிவாள்மனையைப் பரணில் ஒளித்து வைத்தேன். பால் கொடுக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் மகனைக் கணவரிடமே கொடுத்தேன். “ஊட்டு வேலை அத்தனையும் இழுத்துப் போட்டுச் செய்யற, பெத்த புள்ளையத் தூக்கச் சொன்னா மட்டும் ஓடறயே” என்றார் அவர். நான் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

நான் டிகிரி படித்தவள். பிரசவத்துக்கு முன்பு புத்தகம் வாங்கி அடிக்கோடு போட்டுப் படித்தேன். அதில் இந்த நினைப்பைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. எனவே இது எனக்கு மட்டும் வந்த பாவம் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆனி மாதம் எங்கள் எட்டுக்கை அம்மன் முன்னால் நின்று அழுதேன். “தாயே, என் ரெண்டு கையையே என்னால நம்ப முடியல. உனக்கு எட்டுக் கை இருக்கு. அதுல ஒரு கையை என் புள்ளைக்குக் குடு.” இதுதான் என் பிரார்த்தனை. பிறகு பூக் கேட்டேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுத்துத் தருவார். மனதில் நினைத்ததை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. சிவப்பு வந்தால் மகன் என்னிடம் இருக்கட்டும். வெள்ளை வந்தால் மலையடிவாரத்தில் இருக்கும் என் அம்மாவிடம் அவனைக் கொடுத்துவிட்டு விலகிவிடுகிறேன் என்று நினைத்தேன்.

வெள்ளை வந்தது.

மறுநாள் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவதாக மட்டும் சொன்னேன். கணவர் சோளக்காடு பஸ் ஸ்டாப்பில் ஏற்றிவிட்டார். பலாப்பழ சீசன், பஸ்ஸில் நல்ல கூட்டம். சன்னலோரம் ஒரே ஒரு இடம் இருந்தது. சன்னலுக்கு வெளியே பள்ளம் தெரிந்தது. பக்கத்தில் நரைத்த மீசையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். “அண்ணா, நீங்க சன்னல் பக்கம் போயிக்கிறீங்களா? பையனையும் கொஞ்சம் வெச்சுக்குங்க” என்று முன்பின் தெரியாத அவர் மடியில் மகனைக் கொடுத்துவிட்டேன்.

கண்டக்டர் வந்தார். “ஏனுங்க பட்டாளம், நேத்து எங்கூட்டுல பலாப்பழம் பொத்துன்னு விழுந்துச்சு. நீங்க அங்க படுத்துட்டீங்களோன்னு நெனச்சேனுங்க.”

பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார். “டிக்கெட்டக் குடுய்யா. உன் விசிலுக்கே இப்பல்லாம் படுக்கறதில்ல.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று தெரிந்து அவரே சொன்னார். பெயர் பொன்னுசாமி. பெரக்கரை நாட்டுக்காரர். பல வருடம் எல்லையில் பனியில் காவல் நின்றவர். கூட நின்ற நண்பன் ஒருவன் உயிரோடு திரும்பவில்லை. ஊருக்கு வந்த பிறகு, மரத்திலிருந்து பலாப்பழம் விழுகிற சத்தம் கேட்டாலே குண்டு என்று நினைத்து மண்ணில் குப்புறப் படுத்துக்கொள்வாராம். ஊர் சிரித்தது. அவர் மனைவி மட்டும் சிரிக்காமல் மனநல டாக்டரிடம் கூட்டிப் போனார். குணமானதும் அந்தப் படிப்பையே படித்து, நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறார். எல்லாவற்றையும் வேடிக்கைக் கதை போலச் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஒண்ணு கேக்கட்டுமா கண்ணு? உனக்குச் சன்னல் பக்கம் உக்காரப் பயமா, பையனோட உக்காரப் பயமா?”

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. நான் உடைந்துவிட்டேன். தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன், வெள்ளைப் பூ உட்பட. சொல்லும்போது அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடமிருந்து காப்பாற்றுவது போல மகனை இறுக்கிப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அந்தக் கைகள் முன்பு இருந்தபடியே இருந்தன.

“நான் சென்ட்ரி நின்னவன் கண்ணு. எலை அசைஞ்சாலும் ‘யார்றா அது’ன்னு கத்துவோம். கத்தறவன் எதிரியா? காவலுக்கு நிக்கறவன். உன் மனசு இவனுக்குக் காவல் நிக்குது. தூக்கமில்லாம, ஆளு மாத்தாம நிக்குது. அதான் கண்டதுக்கெல்லாம் கத்துது. இந்த நினைப்பு வந்து எத்தனையோ தாய்மாருங்க எங்கிட்ட அழுதிருக்காங்க.”

எத்தனையோ தாய்மார்கள்! அந்த வார்த்தையைக் கேட்டதும் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. எனக்கு மட்டும் வந்த பாவம் இல்லை!

கடைசி வளைவுக்கு முன்பு மகனை என் பக்கம் நீட்டினார். “இந்தா, வாங்கிக்க. நான் பக்கத்துலதான் இருக்கேன்.” வாங்கினேன். அந்த நினைப்பு அப்போதும் வந்தது. ஆனால் விடவில்லை. மகன் என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தான்.

அடிவாரத்தில் அம்மா காத்திருந்தார். மகனைக் கொடுக்கவில்லை, அம்மாவையும் அதே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பொன்னுசாமி அண்ணனோடு நாமக்கல் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டேன். கணவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுதார், அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார். அங்கே இருந்த டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாரா வாரம் பொன்னுசாமி அண்ணனிடம் போய்ப் பேசினேன். இரவில் கணவரும் அம்மாவும் மாறி மாறி மகனைப் பார்த்துக்கொள்ள, நான் தூங்கினேன். போகும்போதெல்லாம் அண்ணன் கேட்கும் முதல் கேள்வி, “டூட்டி மாத்தியாச்சா?”

ஒரு சந்தேகம் மட்டும் குடைந்துகொண்டே இருந்தது. வாரம் தவறாமல் அவர் போகிற பஸ்தானே அது, இதில் அம்மன் என்ன செய்தாள்? அவரிடமே கேட்டேன். “அது எனக்குத் தெரியாது கண்ணு. ஆனா வெள்ளைப் பூவை நீ தண்டனைன்னு நெனச்ச. அவ டிக்கெட்டுன்னு குடுத்திருக்கா” என்றார். அன்று நான் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

இந்தத் தை மாதம் பொன்னுசாமி அண்ணன் மாரடைப்பில் காலமானார். அவர் வீட்டு வாசலில் என்னைப் போலக் கைக்குழந்தையோடு எத்தனை பேர்! பட்டாளத்து நண்பர்கள் ஒரு பக்கம், தாய்மார்கள் ஒரு பக்கம் நின்று அழுதோம்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போக அதே பஸ்ஸில் ஏறினேன். மகன் கணவரோடு வீட்டில் இருந்தான். அன்று அண்ணன் எனக்காக மாறி உட்கார்ந்த சன்னலோர இடம் காலியாக இருந்தது. “பட்டாளத்து சீட்டுங்க. நீங்க உக்காருங்க” என்றார் கண்டக்டர். பலாப்பழப் பேச்சு எதுவும் எடுக்கவில்லை. உட்கார்ந்தேன். அருகே ஒரு பெண், ஒரு கையில் பை, ஒரு கையில் குழந்தை, பிடித்து நிற்க வழியில்லாமல் தடுமாறினாள்.

“அக்கா, பாப்பாவக் கொஞ்சம் புடிச்சுக்கிறீங்களா?”

சன்னலுக்கு வெளியே பள்ளம். அந்த நினைப்பு வந்தது. வந்தாயா, சரி, காவல் மாறியாச்சு, நீ போ என்றேன். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அடிவாரம் வரை அது தூங்கிக்கொண்டே வந்தது.

இதைப் படிக்கும் தாய்மார்களே, யாரிடமும் சொல்ல முடியாத நினைப்பு உங்களுக்கும் இருந்தால் முதலில் அம்மனிடம் சொல்லுங்கள். அவளிடம் சொன்னதை ஒரு மனிதரிடமும் சொல்லுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். நான் இரண்டு மாதம் தனியாகக் காவல் நின்றேன், நீங்கள் நிற்க வேண்டாம். அவளுக்கு எட்டுக் கைகள். அதில் ஒன்று நரைத்த மீசையோடு பஸ்ஸில் வந்ததை என் கண்ணால் பார்த்தேன். அன்று அந்தப் பாப்பாவைப் பிடித்திருந்த கையும் அவளுடையதுதான்.