விதைமூட்டைக்குக் காய்ச்சல் பார்த்தேன்

எங்கள் வீட்டில் ‘சாதாரணமா’ என்ற சொல்லை அதிகம் புழங்குகிறவர் அப்பா. சாதாரணமா ஏழரை பஸ் ஏழே முக்காலுக்கு வந்துடும். சாதாரணமா இந்த மாடு முட்டாது. அந்த மாடு ஒருநாள் என்னை வேலியில் வைத்து முட்டியது. அப்போதும் அப்பா சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. அது சாதாரணமா இருக்கும்போது முட்டாது என்றுதான் தான் சொன்னதாக விளக்கினார்.

பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்கப் போன பிறகுதான் இந்தச் சொல் என்னைத் தொந்தரவு செய்ய ஆரம்பித்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டிய முதல் ஆள் நான். எதையும் லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு வராது. அந்த செமஸ்டரில் நான் வகுப்பில் பேச வேண்டிய விஷயம் இது: அறிவியல் விதிகளில் பல, ‘மற்றதெல்லாம் வழக்கம்போல இருந்தால்’ என்ற நிபந்தனையோடுதான் செல்லுபடியாகும். அப்படியென்றால் அவை விதிகள்தானா? நடந்துவிட்டால் விதி சரி, நடக்காவிட்டால் நிலைமை சரியில்லை என்று நழுவிக்கொள்கிற ஒன்றை எப்படித் தப்பென்று காட்டுவது? இந்தக் கேள்வியோடு, வலங்கைமான் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு விடுமுறையில் வந்து இறங்கினேன். இரண்டாம் போகமான தாளடிக்கு நாற்று விடுகிற நேரம். அப்பா விதைநெல்லை ஊறப்போட்டிருந்தார்.

“ஒரு நாள் ஊறணும், ஒரு நாள் மூட்டத்துல இருக்கணும். சாதாரணமா முளைச்சிடும்” என்றார்.

நான் நோட்டை எடுத்துவிட்டேன். சாதாரணம் என்றால் என்னென்ன, ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றேன். எழுதிவிட்டால் விதி முழுமையாகிவிடும், வகுப்பே வாயடைத்துப் போகும் என்பது என் கணக்கு. அப்பா பொறுமையாகச் சொன்னார். விதை பழசாக இருக்கக் கூடாது. அதற்காக நேற்று அறுத்ததாகவும் இருக்கக் கூடாது. சாக்கை இறுக்கிக் கட்டக் கூடாது. ஊதக்காற்று படக் கூடாது. எலி வரக் கூடாது. கோழி வரக் கூடாது. பதினேழு வரை போயிற்று. இவ்வளவுதானா என்று கேட்டேன்.

“சாதாரணமா இவ்வளவுதான்” என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் விதையைத் தண்ணீர் வடியவிட்டு, சாக்கில் கட்டி, மாட்டுக்கொட்டகை மூலையில் வைக்கோல் போட்டு மூடி மூட்டம் வைத்தார். பூதலூரில் அத்தை வீட்டுக் காதுகுத்துக்குப் போய் வியாழக்கிழமைதான் திரும்புவார். புதன் காலையில் முளைத்ததும் நாற்றங்காலில் நான் விதைக்க வேண்டும். வாய்க்கால் தண்ணீர் எங்களுக்கும் பக்கத்து வயல்காரருக்கும் முறை வைத்து வரும். எங்கள் முறை புதன் சாயங்காலத்தோடு சரி. அதற்குள் விதை விழாவிட்டால் உழுதுவைத்த சேறு இறுகிவிடும். வீட்டில் வேறு விதையும் கிடையாது.

இவ்வளவு பெரிய பொறுப்பைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது. மணிக்கு ஒருதரம் வைக்கோலை விலக்கி, சாக்கை அவிழ்த்து, நெல்லுக்குள் அதைச் சொருகி, வந்ததை நோட்டில் குறித்தேன். முதல் தடவை கொஞ்சம் சூடு காட்டியது. அப்புறம் சூடே காட்டவில்லை. குறைவு, குறைவு என்று பக்கம் முழுக்க எழுதினேன். நடுவில் அம்மா எட்டிப் பார்த்தார்.

“ஏன்டா, நெல்லுக்குக் காய்ச்சலா?”

ஆராய்ச்சி என்றேன். சரி, மாத்திரை கொடுக்கிறதுக்கு முந்தி என்னைக் கேட்டுக்கோ என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன் காலையில் சாக்கைக் கொட்டிப் பார்த்தால் நெல் நெல்லாகவே இருந்தது. தேடினால் அங்கங்கே ஒன்றில் ஊசிமுனை அளவு வெள்ளை. பதினேழையும் சரிபார்த்தேன். எலி இல்லை, கோழி இல்லை, ஊதக்காற்று இல்லை. அப்பா சொன்ன விதி பொய் என்று காட்டிவிட்டேன் என ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. அடுத்த கணம் விதைக்குக் காத்திருக்கிற நாற்றங்கால் ஞாபகம் வந்தது. அந்த நேரம் பார்த்து அப்பா போன் செய்தார், முளைத்துவிட்டதா என்று.

“சாதாரணமா இந்நேரம் முளைச்சிருக்கணும்ப்பா” என்றேன்.

காதுகுத்து வீட்டின் மேளத்துக்கு நடுவே அப்பா கேட்டார்.

“மூட்டையைப் பிரிச்சியா?”

“மணிக்கு ஒருதரம்தான்.”

“அம்மாகிட்ட போனைக் குடு.”

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. அப்பா நழுவவில்லை. நிலைமை சரியில்லை என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் அது சாக்குப்போக்கு. எங்கோ பூதலூரில் இருந்துகொண்டு, நெல்லைப் பார்க்காமலே, கெட்டது எது என்று நேராகக் கைவைத்தார். மூட்டத்துக்குள் நெல் தன் சூட்டைத் தானே சேர்த்துக்கொள்கிறது. அதை நான் மணிக்கு ஒருதரம் திறந்துவிட்டு, எவ்வளவு குறைந்தது என்று அளந்துகொண்டிருந்தேன்.

அம்மா வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளித்து, மறுபடி கட்டி, இரண்டு மடங்கு வைக்கோல் போட்டு, மேலே அம்மிக்குழவியை வைத்தார். தெர்மாமீட்டரை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு என்னைப் பக்கத்து வயல்காரரிடம் போய் ஒரு நாள் தண்ணீர் கேட்டுவரச் சொன்னார். கெடுத்தவன்தான் கேட்க வேண்டுமாம்.

அவர் வாய்க்கால் மடையில் மண்வெட்டியோடு நின்றார். நான் வெப்பத்தைப் பற்றி நீளமாக விளக்கினேன். முழுதும் கேட்டார்.

“சாதாரணமா நான் முறையை விட்டுக்கொடுக்கறதில்ல தம்பி” என்றார். “நாளைக்கு மத்தியானம் வரைக்கும். அந்தக் காய்ச்சல் பார்க்கிறத அம்மா வாங்கி வச்சிட்டாங்களா?”

வாங்கிவிட்டார்கள் என்று சொன்ன பிறகுதான் மண்வெட்டியைத் தோளில் போட்டார்.

வியாழன் காலை அம்மா சாக்கை அவிழ்த்தார். உள்ளிருந்து ஆவி வந்தது. நெல்லெல்லாம் வெள்ளை மூக்கு வைத்திருந்தது. தண்ணீர் நிற்பதற்குள் விதைத்து முடித்தோம். அம்மா கை கழுவிக்கொண்டே, பதினெட்டாவதாக எழுதிக்கொள்ளச் சொன்னார்: நீ வீட்டில் இருக்கக் கூடாது. எழுதினேன். வகுப்பிலும் படித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியர் மட்டும் பத்தொன்பதாவது என்ன என்று கேட்டார். தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

அடுத்த குறுவைப் போகத்துக்கு அப்பா மூட்டம் போட்ட அன்று காலை, உனக்கு இன்னைக்கு வகுப்பு இருக்குமே என்றார். வகுப்பு இல்லை. பையை எடுத்துக்கொண்டு, ஏழே முக்காலுக்கு வரும் ஏழரை பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனேன்.