தூங்குமூஞ்சி செய்த ஜெபம்

பல் செட் செய்யும் அந்தக் கூடத்தில் அவளுக்கு ஜன்னலோர மேஜை. மெழுகில் செயற்கைப் பற்களை ஒவ்வொன்றாகப் பதிப்பது, மேல் வரிசையும் கீழ் வரிசையும் சரியாகக் கடிக்கின்றனவா என்று பார்ப்பது, கடைசியில் மெருகேற்றுவது எல்லாம் அவள் பொறுப்பு. சபையிலும் அவளுக்குப் பல் செட் அக்கா என்றுதான் பெயர். இம்மி பிசகினாலும் விடமாட்டாள் என்பதால், பிள்ளைகள் பார்க்கும் சேனல்களை அலசி, விசுவாசிகள் வீட்டில் இது ஓடலாமா கூடாதா என்று சபையின் மாத இதழில் எழுதும் வேலையைப் பாஸ்டர் அவளிடம் கொடுத்திருந்தார்.

ஒருமுறை ஏதோ கார்ட்டூன் சேனலைப் பற்றி, 'பயப்பட ஒன்றுமில்லை, நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள்' என்று எழுதிவிட்டாள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பாடகர் குழுத் தலைவி அவள் காதுபடவே, "அக்கா இப்பல்லாம் ரொம்ப இளகிட்டாங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் அது உள்ளே போய்த் தைத்துக்கொண்டது.

அதற்கடுத்த மாதம் ஓய்வுநாள் பள்ளியில் உயிர்த்தெழுதல் பாடம். கல்லறை வெறுமையாக இருந்தது என்று டீச்சர் சொன்ன மாத்திரத்தில் ஒரு வாண்டு, "அடுத்த லைஃப் வந்துடுச்சுடோய்!" என்று கத்த, வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது.

"இது யாரோ தூங்குமூஞ்சின்னு ஒருத்தன் பேசுற பேச்சாம் சிஸ்டர்" என்றார் பாஸ்டர். "யூடியூப்ல கேம் விளையாடிக்கிட்டே பேசுறானாம். பசங்க வாயில எந்நேரமும் அவன் பேச்சுதான். என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்."

போனை மெழுகு டப்பாமேல் சாய்த்து வைத்து, வேலை செய்துகொண்டே பார்க்க ஆரம்பித்தாள். பிறகு அதைப் பார்ப்பதற்காகவே மெருகேற்றும் வேலையை இழுத்தடித்தாள். அவன் முகம் காட்டமாட்டான். பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்டவனைப் போன்ற குரல். எந்த விளையாட்டிலும் உருப்படியாக ஜெயித்ததில்லை. "நான் ஓடலைங்க, எதிரிக்கு உடற்பயிற்சி குடுக்கிறேன்" என்று புறமுதுகிட்டு ஓடுவான். ஒருநாள் அவள் சிரித்த சிரிப்பில் முன்பல் ஒன்று மெழுகிலேயே திரும்பிக்கொண்டது.

மாவு குழைத்துப் பல் அச்சு வார்ப்பதால் மாவு அண்ணன் என்று பெயர் வாங்கியவர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, நீ சிரிக்கிறியா, உன் பல் செட்டு சிரிக்குதா?"

"சபை வேலைண்ணே" என்றாள்.

"அப்படின்னா நானும் சபைக்கு வரேன்மா."

ஒரு வீடியோவில் மட்டும் அவன் வேறு மாதிரி இருந்தான். அதிகம் பேசவில்லை. திரையில் அவனுடைய வீரன் இருண்ட கோட்டை வாசலில் நின்றான், நகரவில்லை. "ஆண்டவரே, இருக்கீங்கன்னா கொஞ்சம் பக்கத்துல வாங்க. ரொம்ப தனியா இருக்கு" என்றான். குரல் உடைந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, வாங்க, அடி வாங்கப் போவோம்" என்று உள்ளே நுழைந்தான். அவள் மெருகு மோட்டாரை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் துணி மடிக்கும்போது மகளிடம் சொன்னாள்: "அவனுக்கு என்ன கஷ்டமோ பாப்பா. நிஜமாவே கூப்பிட்டான். எனக்கே அழுகை வந்துடுச்சு."

மகளுக்கு ஆச்சரியம். "அப்ப நான் அவனைப் பாக்கலாமாம்மா?"

"எழுதி முடிக்கிறேன், இரு."

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். தோற்றால் அவன் வாயில் கெட்ட வார்த்தை வருகிறது என்று எழுதினாள்; அது உண்மை. ரத்தம் தெறிக்கும் விளையாட்டுகளைச் சிறுபிள்ளைகள் பார்க்க வேண்டாம் என்றாள், அதுவும் உண்மை. மூன்றாவதாக, தேவபயம் என்று வழக்கமாகப் போடும் தலைப்பு. அதன் கீழே எழுத அவளிடம் குற்றம் ஒன்றுமில்லை. அவன் நல்லபடியாகச் சிரிக்க வைக்கிறான் என்றும் ஒருநாள் கடவுளைக் கூப்பிட்டான் என்றும் எழுதலாம். எழுதினால் பாடகர் குழுத் தலைவி எப்படிச் சிரிப்பாள் என்று கண்முன் தெரிந்தது. 'தோற்கும் நேரத்தில் ஆண்டவரைக் கூப்பிட்டு ஜெபத்தைக் கேலிக்கூத்தாக்குகிறார். பத்து நிமிடம்கூடச் சகித்துக்கொண்டு பார்க்க முடியவில்லை' என்று எழுதி முடித்தாள்.

இதழ் வந்த ஞாயிறன்று பாடகர் குழுத் தலைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுதான் எங்க அக்கா!" என்றாள். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. யாரோ அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்ப, அது சபை விட்டுச் சபை தாவியது. தூங்குமூஞ்சியின் வீடியோக்களுக்குக் கீழே மனந்திரும்பச் சொல்லி ஆட்கள் வரிசை கட்டினார்கள். மனந்திரும்பச் சொன்ன கையோடு சிலர் அவனைத் திட்டிய வார்த்தைகள், அவன் தோற்கும்போது சொல்பவற்றைவிட மோசமாக இருந்தன.

அவன் ஒரு வீடியோ போட்டான். அதில் விளையாட்டு எதுவும் இல்லை. வெறும் சுவர், முன்னால் கண்ணாடி போட்ட ஒல்லி ஆள். அவளும் மகளும் சேர்ந்துதான் பார்த்தார்கள்.

"கெட்ட வார்த்தை பேசுறேன்னு எழுதியிருக்காங்க. சரிதான், குறைச்சுக்கிறேன்" என்றான். "ஜெபத்தைக் கிண்டல் பண்றேன்னும் எழுதியிருக்காங்க. எங்கம்மாவும் சபைக்குப் போறவங்கதான். பேப்பரைக் கையில வெச்சுக்கிட்டு, பண்ணினியாடான்னு கேட்டாங்க. இல்லம்மான்னேன். பொய்யா இருந்தா அச்சுல போடுவாங்களாங்கிறாங்க. அப்பா போனதுக்கப்புறம் வீட்ல நாங்க ரெண்டு பேருதான். இப்ப அம்மா எங்கூடப் பேசுறதில்ல."

அவ்வளவுதான், திரை அணைந்தது.

மகள் போனையே பார்த்தபடி கேட்டாள். "அம்மா, அழுகை வந்துச்சுன்னு சொன்னியே, அது இந்த ஜெபத்துக்குத்தானே?"

"நீ சாப்பிட்டியா?" என்றாள் இவள்.

"சாப்பிட்டேன்" என்று மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இவளுக்குக் காது மடல் வரை கொதித்தது. மகள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஒரு வரிதானே சிஸ்டர்" என்றார் அவர். "அந்தப் பையன் கண்டபடி பேசுறது நிஜம்தானே?"

"நிஜம்தான் பாஸ்டர். அது நான் பார்த்தது. இது நான் இட்டுக்கட்டினது. பொய்ச்சாட்சி."

"இப்ப மாத்தி எழுதினா, நீங்க முன்னாடி எழுதினதையெல்லாம் சந்தேகப்படுவாங்களே."

"படட்டும்."

அடுத்த இதழில் பார்க்கலாம் என்றார் பாஸ்டர். அதுவரை பொறுக்க அவளால் முடியவில்லை. தூங்குமூஞ்சிக்கு நேரே எழுதினாள்: அதை எழுதியது நான்தான், உங்கள் ஜெபம் ஜெபம்தான் என்று அப்போதே எனக்குத் தெரியும். மதியம் பதில் வந்தது. ஒரு போன் நம்பர். அதன் கீழே, 'என்கிட்ட வேணாம்க்கா. அம்மாகிட்ட சொல்லுங்க.'

கூடத்தின் பின்பக்கம், அச்சு மாவு மூட்டைகளுக்கு நடுவே நின்று அழைத்தாள். யார் என்று சொன்னதும் அந்தம்மா, "நீங்கதானா? நல்லா எழுதியிருந்தீங்கம்மா" என்றார்கள். அதை மேலே கேட்கப் பொறுக்காமல் அவள் குறுக்கிட்டாள்.

"அம்மா, உங்க பையன் ஜெபத்தைக் கேலி பண்ணல. அந்த வரி பொய்."

"தெரியாம எழுதிட்டீங்களாம்மா?"

ஆமாம் என்று சொல்லிவிட எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

"இல்லம்மா. தெரிஞ்சேதான் எழுதினேன். நாலு பேர் என்னை மெச்சணும்னு."

திட்டுவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவன் இல்லன்னுதான் சொன்னான்" என்றார்கள் அந்தம்மா. "பெத்தவ நான், அவனை நம்பல. யாருன்னே தெரியாத உங்களை நம்பினேன். நான் அவன் மூஞ்சில எப்படிம்மா முழிப்பேன்?"

தன் வெட்கத்தை இறக்கி வைக்க வந்தவள், அதைக் கொண்டுபோய் இன்னொருத்தியின் தலையில் ஏற்றியிருந்தாள். "என்னை மன்னிச்சிடுங்க" என்றாள். மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ அந்தம்மா சொல்லவில்லை. அவன் சாப்பிட வரும் நேரமாகிவிட்டது என்று போனை வைத்துவிட்டார்கள்.

திருத்தம் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வந்தது. 'நான் தெரிந்தே எழுதிய பொய்' என்ற வரியைப் பாஸ்டர் வெட்டப் பார்த்தார், அவள் விடவில்லை. அதை யாரும் படம் பிடித்து அனுப்பவில்லை. பாடகர் குழுத் தலைவி அவளைப் பார்த்தால் பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிடுவாள். எழுதும் பொறுப்பு ஓய்வுநாள் பள்ளி டீச்சருக்குப் போனது.

வீடியோ போடுவதை நிறுத்தியிருந்த தூங்குமூஞ்சி கொஞ்ச நாளில் திரும்ப வந்தான். அம்மா சூடாக ஏதோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள் என்று ஒரு வீடியோவில் சொன்னான். அன்று அவள் நன்றி சொல்லி ஜெபித்தாள். இப்போது மகளும் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்க்கிறாள். முன்போலவே அடி வாங்குகிறான், ஓடுகிறான், சிரிக்க வைக்கிறான். ஆனால் எந்த வாசலில் தனியாக நின்றாலும் அவன் ஆண்டவரைக் கூப்பிடுவதில்லை. ஏதாவது ஒரு ஜோக்கைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறான். மகள் சிரிப்பாள். அவளும் சிரிக்கப் பார்ப்பாள்.