எழுந்து நின்ற வெள்ளாடு

நெரவியில் முப்பது ஆண்டுகள் ஆடறுத்தவர் நூகு. அவர் கத்தி பட்ட எதுவும் மறுபடி எழுந்ததில்லை. ஐம்பத்தாறு வயதில் தோள்பட்டை வலி தாங்காமல் அந்தத் தொழிலை விட்டார். சுரக்குடி சாலையில் கொட்டகை போட்டிருந்த கால்நடை டாக்டர் ஓகுஸ்தேன், ஆடுகளைப் பார்த்துக்கொள்ள அவரை வைத்துக்கொண்டார். அங்கே கால்நடை மருத்துவம் படிக்கும் இளைஞர் பூமிநாதன் அந்த ஆடுகளில் அறுவைச் சிகிச்சை பழகிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஆட்டு மேல ஒரு தடவைதான் கத்தி வைக்கணும். வலி தெரியக்கூடாது. தைச்சு முடிச்சா அது எழுந்து நடக்கணும். நடக்கலேன்னா நீங்க எதையும் கத்துக்கலே" என்பார் டாக்டர்.

நூகு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். வயிற்றைக் கிழித்த ஆடு நடக்குமாம்!

நூகு உடனிருந்த முதல் அறுவை, ஒரு கறுப்பு வெள்ளாட்டுக்கு.

"நேத்துலேருந்து தீனி, தண்ணி எதுவும் காட்டலியே, பாய்?"

"இல்லைங்க டாக்டர்."

அது பொய். தாகத்தோடு ஓர் உயிரைக் கத்திக்கு முன்னால் நிறுத்தக்கூடாது என்பது வாப்பா காலத்து முறை. காலையில் அரை வாளித் தண்ணீர் காட்டியிருந்தார். இப்போது தன் துண்டால் ஆட்டின் கண்ணையும் மறைத்தார்.

"என்ன பாய், ஆட்டுக்கு நிக்காவா? முகத்தை மூடுறீங்க" என்றார் பூமிநாதன்.

"கத்தியைப் பாத்தா பயப்படும் தம்பி."

மயக்க ஊசி போட்டு, பூமிநாதன் வயிற்றைக் கிழித்தார். பாதித் தையலில் ஆட்டின் வாயிலிருந்து பச்சைத் தண்ணீர் பீறிட்டது. மூச்சு நின்றது. பூமிநாதனின் கையும் நின்றது.

"நான்தான் டாக்டர்! காலையில தண்ணி காட்டிட்டேன்!" என்று அலறினார் நூகு.

"தலையைத் தொங்கவிடுங்க!"

ஆட்டுக் கழுத்தைப் பிடிக்க அவருக்கா தெரியாது? தலையைத் தாழ்த்தி, தொண்டைக்குள் விரல் விட்டு வழித்தெடுத்தார். டாக்டர் விலாவை அமுக்கி அமுக்கி விட்டார். ஆடு இருமியது. மூச்சு வந்தது.

"உங்க முறையில தப்பில்லை பாய், நேரம்தான் தப்பு. மயக்கத்துல தண்ணி மூச்சுக்குழலுக்குப் போயிடும்" என்ற டாக்டர், பூமிநாதன் பக்கம் திரும்பினார். "அவர் கண்ணை மறைச்சாருல்ல? நாளையிலேருந்து அதை நீங்க செய்யணும்."

நூகு ஆட்டின் பக்கத்தை விட்டு நகரவில்லை. பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்கும் நேரத்தில் அது பின்னங்காலை ஊன்றியது. தள்ளாடி விழுந்தது. மறுபடி ஊன்றியது. வயிற்றில் தையலோடு நின்றேவிட்டது.

"சுபுஹானல்லாஹ்!"

நூகு குனிந்து தையலைப் பார்த்தார். முப்பது ஆண்டுகளாக அவர் நாள்தோறும் திறந்து பார்த்த அதே வயிறு. அதை மூடவும் முடியும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

பூமிநாதன் வாளியை நீட்டினார். "இப்ப காட்டலாம். நீங்களே காட்டுங்க பாய்."

"இல்லை தம்பி. வெட்டின கைதான் குடுக்கணும்."

பூமிநாதன் குந்தினார். ஆடு வாளியை மோந்தது, அவர் கையை மோந்தது, பிறகு குடித்தது. தண்ணீர் இறங்க இறங்க அந்தக் கழுத்து அசைவதை, ஆட்டையே அன்றுதான் முதன்முதலாகக் காண்பவர் போல நூகு பார்த்துக்கொண்டு நின்றார்.