முழங்கால்கள்மேல் ஓடிய ரயில்

மாரிகுப்பம் நிலையத்தில் சாயங்கால வண்டிக்குப் பெட்டிகளைப் பிணைத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. ராபர்ட்சன்பேட்டையிலிருந்து வந்த காய்கறிக்காரர் பிளாட்பாரத்து விளிம்பில் குனிந்து, "தகரக்கடை அன்னம்மா பூட்டாங்களாம்யா. கொஞ்ச நாளா காய்ச்சலாம்" என்றார். நான் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நின்றிருந்தேன். கையிலிருந்த கொக்கியை மாட்டி, திருகை இறுக்கிவிட்டுத்தான் மேலே ஏறினேன். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடியிருந்தால் அன்னம்மாளே முதலில் என்னைத் திட்டியிருப்பார்.

கல்லறைத் தோட்டத்தில் பேசிய ஒரு பெரியவர், "நல்ல கைவேலைக்காரி. வாய்தான் கொஞ்சம் அதிகம். ஆண்டவர் மன்னிப்பார்" என்றார். கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. அன்னம்மாளின் கையைப் புகழ்ந்துவிட்டு வாயை மட்டும் மண்ணுக்குள் தள்ளப் பார்க்கிறார்கள். அவரை அறிந்தவர்களே, அதற்கு நீங்களும் சம்மதிக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

குடியாத்தத்தில் தகர வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். கணவரோடு தங்கவயலுக்கு வந்தார். கணவர் சுரங்கத்தில் பாறை சரிந்து இறந்த பிறகு ஊருக்குத் திரும்பவில்லை. கோரமண்டல் சுரங்கத் தொழிலாளர் முகாம் வாசலருகே ஒரு குடிசைக் கடை போட்டு, மண்ணெண்ணெய் டின்களை வெட்டி விளக்கும் புனலும் செய்து விற்றார். என் கைவிளக்கின் அடிப்பாகம் ஒழுகத் தொடங்கிய நாளில்தான் நான் முதன்முதலாக அந்தக் கடைக்குப் போனேன். என்ன வேலை என்று கேட்டார். ரயில் பெட்டிகளுக்குக் கொக்கி மாட்டுகிறேன் என்றேன். அன்றிலிருந்து எனக்குப் பெயர் கொக்கிக்காரர். அவர் எனக்கு அக்கா.

நான் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், சுரங்கத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களா பட்லர் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே சீமையிலிருந்து வந்த பொம்மை ரயில். சாவி கொடுத்தால் ஓடும் இன்ஜின், பச்சை வண்ணம் பூசிய நீளமான பயணிகள் பெட்டிகள். நேராக ஓடும்வரை சரியாக இருக்கிறதாம். வளைவு வந்தால் பெட்டிகள் கழன்றுகொள்கின்றனவாம். குழந்தைகள் அழுகிறார்களாம்.

அன்னம்மாள் தண்டவாளத்தின் வளைந்த துண்டுகளைத் தரையில் பொருத்தி, இரண்டு பெட்டிகளைப் பிணைத்து விரலால் தள்ளினார். கன்னத்தைத் தரையோடு தரையாக வைத்துப் பார்த்தார். "பொட்டி நீளமா கீது. வளையிறப்ப மூக்கு வெளியே பூடுது. கொக்கியை மூக்குல வெச்சிருக்கான். மூக்கு போற பக்கம் அதுவும் போவுது, கழண்டுக்குது."

"பெரிய வண்டியில நாங்க மூக்குலதானே மாட்டுறோம்?" என்றேன்.

"உங்க லைன்ல இப்படி வளைவு கீதா, கொக்கிக்காரரே? தட்டைச் சுத்தி ஓடுற மாதிரி?"

இல்லைதான். கொக்கியைப் பெட்டியிலிருந்து பிரித்து, கீழே சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில் ஒரு நாக்குத் தகடு வைத்துப் பற்றவைத்தார். இப்போது சக்கரம் திரும்பும் பக்கம் கொக்கியும் திரும்பியது. வளைவில் பெட்டிகள் ஒன்றையொன்று விடவில்லை. பட்லர் கைதட்டினார். கூலி என்னவென்று கேட்டார்.

"கூலி வேணாம். கிறிஸ்துமஸ் அன்னிக்கு எங்க லைன் புள்ளைங்க வந்து இது ஓடுறத ஒருவாட்டி பார்க்கணும். துரைசாணியைக் கேட்டுச் சொல்லுங்க."

மறுநாளே பட்லர் சம்மதம் கொண்டு வந்தார். கிறிஸ்துமஸ் அன்று சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வைத்து, உள்ளதில் நல்லதை உடுத்திக்கொண்டு அன்னம்மாளின் பின்னால் நடந்தார்கள். நானும் கூடப் போனேன். பங்களாவின் வாசல் சாத்தியிருந்தது. காவலாள் தடியைக் குறுக்கே நீட்டினான். இத்தனை பேர் உள்ளே வந்தால் தோட்டம் பாழாகிவிடும் என்று சொல்லச் சொன்னார்களாம். உள்ளிருந்து ரயில் ஓடும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் வேலியோரம் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள்.

அன்னம்மாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேலியை விட்டு நகர்ந்தார். திரும்பி வரும் வழியில் என்னிடம் மட்டும் சொன்னார்: "என் ஊட்டுக்காரரை சுரங்கத்துக்குள்ள உடறதுக்கு மட்டும் இவங்க கேட்டு எப்பவும் தொறந்தே இருந்துச்சு." பிறகு பிள்ளைகளைப் பார்த்து உரக்க, "அழாதீங்கடா. பொங்கலுக்கு நம்ம ரயிலு ஓடும்" என்றார்.

அன்று முதல் அந்தக் கடையில் விளக்கு வேலை நின்றது. டின்களை வெட்டிப் பெட்டிகள் செய்தார். எல்லாம் மூன்றாம் வகுப்புப் பெட்டிகள். ஒவ்வொரு சன்னலையும் தனித்தனியாக வெட்டினார். ஓடாமல் கிடந்த ஒரு சுவர்க் கடிகாரத்தின் சுருள்வில் இன்ஜினுக்குள் போனது. தச்சு வேலை தெரிந்த ஒருவர் பழைய சாமான் பெட்டிகளை உடைத்து, வளைவாகப் பலகை அறுத்துக் கொடுத்தார். தகரப் பட்டைகளை அவற்றின்மேல் அடித்துத் தண்டவாளமாக்கினோம். வேலை முடிந்ததும் நான் அங்கே போய்விடுவேன். எங்களுக்குள் சண்டை நடக்காத நாள் இல்லை. கொக்கி தடிமனாக வேண்டும் என்பேன் நான். தடித்தால் திரும்பாது என்பார் அவர்.

பெட்டிகள் கனமில்லாததால் இன்ஜின் இழுத்ததும் வளைவில் உட்பக்கம் சாய்ந்து விழுந்தன. அடியில் பாரம் வைக்க வேண்டும். எதிரிலேயே மலைபோல் சுரங்க மண் கொட்டிக் கிடந்தது. ஒரு கூடை அள்ளி வரட்டுமா என்று கேட்டேன்.

"அந்த மண்ணுல ஒரு புடி கூட வேணாம். நாளைக்கே தங்கத்தைத் திருடினேன்னு கம்பெனிக்காரன் சொல்லுவான்." பூதிகோட்டையிலிருந்து கேழ்வரகு மூட்டையோடு வந்த வண்டிக்காரரிடம் சொல்லி, வயலிலிருந்து கூழாங்கற்கள் தருவித்தார். அவைதான் எங்கள் பெட்டிகளின் பாரம்.

பொங்கலன்று மத்தியானம் வரிசை வீடுகளுக்கு எதிரே வெற்றிடத்தில் பலகைகளை வட்டமாகப் பரப்பினோம். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். அன்னம்மாள் சாவியைக் கையில் எடுத்த நேரத்தில், முகாம் வீடுகளுக்குப் பொறுப்பான மேற்பார்வையாளர் காவலாட்களோடு வந்தார்.

"யாரைக் கேட்டு இதெல்லாம் வெச்ச? இது கம்பெனி நிலம். அனுமதி இல்லாம ஒரு குச்சி நடக்கூடாது. எடு."

"புள்ளைங்க வெளயாட்டுதான் சார்."

"எடுன்னா எடு."

பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். காலை ஷிப்ட் முடிந்து வந்த ஆண்கள், குளித்தும் குளிக்காமலும், தள்ளி நின்று பார்த்தார்கள். பலகைகளை வாரிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அன்னம்மாள் குனிந்து ஒரு பலகையைத் தூக்கினார்.

"நெலம் கம்பெனியோடது. சரி. இனிமே நெலத்தைத் தொட மாட்டோம்." ஆண்கள் பக்கம் திரும்பினார். "முட்டி யாரோடது? உங்களோடதுதானே? வந்து உக்காருங்க!"

அன்னம்மாளின் கணவரோடு சுரங்கத்தில் ஒரே மட்டத்தில் வேலை செய்த கண்ணுச்சாமிதான் முதலில் வந்து தரையில் உட்கார்ந்து முழங்கால்களை மடக்கினார். பலகையை அவர் முழங்கால்மேல் வைத்தார் அன்னம்மாள். அடுத்து ஒருவர், அவர் பக்கத்தில் இன்னொருவர். நானும் உட்கார்ந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வட்டம் நிறைந்தது. பலகைகள் எல்லாம் எங்கள் முழங்கால்கள்மேல் இருந்தன.

மேற்பார்வையாளர் வட்டத்தைச் சுற்றி நடந்து, பலகைகளுக்கு அடியில் குனிந்து பார்த்தார். உட்காரக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

ரயில் கிளம்பியது. கால் வட்டம்கூடப் போகவில்லை. கடைசிப் பெட்டிகள் கழன்று கண்ணுச்சாமியின் மடியில் விழுந்தன. இன்னொரு முறை. மறுபடியும் கழன்றது. காவலாட்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. அன்னம்மாளுக்கு அவமானப்பட நேரமில்லை. பலகையோடு கண்ணை வைத்துப் பார்த்தார்.

"வளைவு இல்ல இது. முட்டி ஏறி எறங்குது. ஒரு பொட்டி மேல போவுது, ஒண்ணு கீழ போவுது. கொக்கி வளையத்தைத் தாண்டிக் குதிக்குது."

"கொக்கி வாயைக் கட்டினா?" என்றேன்.

"கட்டினா திரும்பாது. நீளமா தொங்கவிடுறேன், வாயில ஒரு கம்பி போடுறேன்." குறடு ஒன்றை எடுத்தார். ஒவ்வொரு கொக்கியையும் ஆழமாகக் கீழ்நோக்கி வளைத்தார். வாய்க்குக் குறுக்கே மெல்லிய கம்பி ஒன்றைத் தளர்வாக முறுக்கினார். பக்கவாட்டில் ஆடலாம், மேலே எழும்ப முடியாது. அத்தனை நேரமும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மேற்பார்வையாளரும் போகவில்லை.

"மூச்சு உடுங்கய்யா, தப்பில்ல. சிரிச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சாவி கொடுத்தார்.

ரயில் எங்கள் முழங்கால்கள்மேல் முழு வட்டம் வந்தது. ஒரு பெட்டியும் விடவில்லை. பிள்ளைகள் போட்ட கூச்சலை என்னால் எழுத முடியாது. பாறை உடைத்து உடைத்து மரத்துப்போன கால்களில் அந்தச் சின்னச் சக்கரங்கள் கிச்சுக்கிச்சு மூட்ட, பெரிய பெரிய ஆட்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வில் தளரத் தளர அன்னம்மாள் சாவி கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அந்த வாரமே கம்பெனி ஆட்கள் அவருடைய குடிசைக் கடையைப் பிரித்துப் போட்டார்கள். நல்லெண்ணத்தோடு சிலர் போய், மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் கடை திரும்பக் கிடைக்கும் என்றார்கள். "இன்னா தப்புக்குன்னு அவரை எழுதித் தரச் சொல்லுங்க. படிச்சுப் பார்த்துட்டுக் கேட்கிறேன்" என்று அனுப்பிவிட்டார். தகரங்களையும் பட்டறைச் சாமான்களையும் தலையில் சுமந்து ராபர்ட்சன்பேட்டைக்குப் போனார். வாடிக்கை சேரும்வரை அரை வயிறுதான். அதையும் மறைக்கவில்லை, அதற்காகக் கெஞ்சவும் இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் ரயிலோடு கோரமண்டலுக்கு வந்தார். வட்டத்தில் உட்கார இடம் கிடைக்காமல் ஆட்கள் சண்டை போட்ட வருடங்களும் உண்டு.

இந்த வாயைத்தான் ஆண்டவர் மன்னிக்க வேண்டுமாம். அந்த வாய் இல்லாவிட்டால் அந்தக் கை எங்களுக்கு விளக்கு மட்டும்தான் செய்து கொடுத்திருக்கும்.

அவரை அடக்கம் செய்த மறுவாரம், பவுரிங்பேட்டைக்குப் போகும் காலை வண்டியைச் சேர்க்கும்போது மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றின் கொக்கியில் விரிசல் கண்டேன். தடவிப் பார்த்தால் நகம் இறங்கியது. மேலதிகாரியிடம் சொன்னேன். "மூணாங்கிளாஸ்தானே? இன்னிக்கு ஒரு நடை போகட்டும், மாட்டு" என்றார். பெட்டிக்குள் பெண்களும் மூட்டைகளுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. அப்போதெல்லாம் நான் முணுமுணுத்துக்கொண்டு வேலையைச் செய்தவன்.

அன்று பெட்டிகளுக்கு நடுவே இறங்கி நின்றேன். வேறு கொக்கி வரும்வரை இங்கிருந்து ஏறமாட்டேன் என்றேன். வண்டி தாமதமானது. பயணிகளே சன்னல் வழியாக என்னைத் திட்டினார்கள். மாற்றுக் கொக்கி வந்தது. பூட்டினேன். வண்டி போனது. என்மேல் விசாரணை இருக்கிறது.

அன்னம்மாளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பிடிவாதம்தான். விசாரணையில் என்ன கேட்டாலும் சொல்வேன்: விரிசல் விட்ட கொக்கியை எந்த வகுப்புப் பெட்டிக்கும் இனி நான் மாட்டமாட்டேன்.