சகலன் போடும் மோட்டர்

எனக்கும் என் சகலனுக்கும் ஆகாது. தேற்றாத்தீவில் மாமனார் தன் இரண்டு பெண்களுக்கும் ஒரே வளவில் சீதன வீடு கட்டிக் கொடுத்ததால், அவன் முகத்தைத் தினமும் பார்த்தே தீர வேண்டும்.

நான் கலியாண வீடியோ எடுப்பவன். ஒரு முழுக் கலியாணமும் பதிந்திருந்த எஸ்எஸ்டி என்ற சேமிப்புப் பெட்டியை லேப்டொப்பில் கேபிளால் செருகினால், தொடர்பு அடிக்கடி அறுந்துகொண்டிருந்தது. பிரதி எடுக்க முடியவில்லை. பெண் வீட்டார் திட்டத் தொடங்கிவிட்டார்கள். சகலன் கிணற்று மோட்டரைப் போடும்போதெல்லாம்தான் தொடர்பு அறுகிறது என்று கவனித்தேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே கரண்ட் இணைப்பு.

"என்ட பிழைப்பில மண்ணள்ளிப் போடவா மோட்டரப் போடுறாய்?" என்று முற்றத்தில் நின்று கத்தினேன்.

அவன் நேரே என் அறைக்குள் வந்தான். "மோட்டராலதான் எண்டா காட்டுங்க பாப்பம்" என்றவன், மோட்டரைப் போடும்படி தன் மனைவிக்குக் குரல் கொடுத்தான்.

மோட்டர் உறுமியது. விளக்கு மங்கியது. எஸ்எஸ்டியின் தொடர்பு அறுந்துபோகவே இல்லை.

"மறுகா? இப்ப என்ன சொல்லுறீங்க?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் மேசையில் ஓங்கிக் குத்தினேன். எஸ்எஸ்டியின் தொடர்பு அறுந்தது.

அவன் கேபிளின் முனையைத் தொட்டு ஆட்டினான். லொடலொடவென்று ஆடியது.

"மோட்டர் சத்தம் கேட்டா ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் குத்துறீங்க. எங்கட வீட்டுக்கே கேக்குது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

புதுக் கேபிளில் கலியாணம் பத்திரமாக வந்து சேர்ந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவனை இன்றும் எனக்குப் பிடிக்காது. ஆனால் மோட்டர் ஓடத் தொடங்கினால் மேசையை விட்டு எழுந்துவிடுகிறேன். அது ஓய்கிறவரை என் கையை நானே பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.